அலர் இல்லாத காதல்

நம் சிறுபத்திரிகை வட்டத்தில் சினிமாப் பாட்டைப் பற்றி இரண்டே நிலைகள்தாம் உண்டு. அதைப் பேசுவதே தீட்டு என்பது ஒன்று. மற்றது சமீப வருஷங்களில் தலைதூக்கியிருப்பது: இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த காதல் பாட்டுகள் வழியாகப் புதுக்கவிதை ஜனங்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்கிற பெருமிதம். முதலாவது வெறும் சோம்பல். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டாவது, ஒரு பெரிய இல்லாமையைச் சாதனை என்று கொண்டாடுகிறது. அதைத்தான் இங்கே எதிர்க்கவேண்டியிருக்கிறது.

கொடுக்கவேண்டிய மரியாதையை முதலில் கொடுத்துவிடலாம். 'மின்னலே' (2001) படத்துக்குத் தாமரை எழுதி பாம்பே ஜெயஸ்ரீ பாடிய பாட்டில் ஒரு பெண்ணின் ஆசை நாணத்தின் முக்காடு இல்லாமல், எளிய தமிழில், அசிங்கமும் இல்லாமல் வந்து நின்றது. நா. முத்துக்குமார் '7ஜி ரெயின்போ காலனி', 'காதல்' ஆகிய படங்களில் (இரண்டும் 2004) பழைய அலங்காரச் சரக்கைப் பெருமளவு குறைத்து எழுதினார். பாஷை சுத்தமாயிற்று. மறுக்கவில்லை.

ஆனால் வீட்டைச் சுத்தம் செய்தவர்கள் எதையெல்லாம் பெருக்கித் தள்ளினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பத்தாண்டின் காதல் பாட்டுகளில் பெரும்பாலானவற்றில் நீ இருக்கிறாய், நான் இருக்கிறேன், மழை பெய்கிறது. வேறு ஒருவரும் இல்லை. அவள் யார் மகள், அவன் எந்தத் தெரு, அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பது யார் என்ற பிரக்ஞையே பாட்டுக்குள் நுழைவதில்லை. காதலுக்குத் தடை என்று ஒன்று வந்தால் அது தயக்கம், பிரிவு, மௌனம் - எல்லாம் மனசுக்குள் நடப்பவை. வெளியே ஊர் என்று ஒன்று இல்லவே இல்லை.

குறுந்தொகையையும் காதல் பாட்டு என்றுதான் சொல்கிறோம். அங்கே பேசுகிறவர்கள் யார்? தலைவனும் தலைவியும் மட்டுமா? தோழி பேசுகிறாள், செவிலி பேசுகிறாள், பரத்தை பேசுகிறாள், வழியில் கண்டவர்கள் பேசுகிறார்கள். இருவரைச் சுற்றி ஊரே வாய் திறந்து நிற்கிறது. அந்த வாய்க்கு அம்பல், அலர் என்று இரண்டு பெயர்கள். முணுமுணுப்புக்கு ஒன்று, உரத்த பேச்சுக்கு ஒன்று. பெண்ணை வீட்டுக்குள் அடைத்தால் இற்செறிப்பு. அயலார் பெண் கேட்டு வந்தால் நொதுமலர் வரைவு. இருவரும் ஊரைவிட்டுக் கிளம்பினால் உடன்போக்கு. இந்தத் துறைகளை இன்றைக்கும் நாமக்கல் ஜில்லாவின் மகளிர் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கேட்கலாம், வேறு சொற்களில்: செல்போனைப் பிடுங்கிக்கொண்டு காலேஜை நிறுத்துவது, அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பது, பெண்ணைக் காணவில்லை என்று புகார் எழுதிக் கொடுப்பது.

அகத்திணையிலும் பெயர் சுட்டக்கூடாது என்றுதானே இலக்கணம், அங்கே மட்டும் சாதி எங்கே இருக்கிறது என்று ஒரு நண்பர் மடக்கக்கூடும். பெயரை எடுப்பது வேறு, உறவை அறுப்பது வேறு. அகப்பாட்டு பெயரை எடுத்துவிட்டு, தாயையும் தமையன்மாரையும் ஊர்ப்பெண்டிரையும் அவரவர் இடத்திலேயே நிறுத்திவைத்தது. கேட்பவன் தன் ஊரின் பெயரை அங்கே பொருத்திக்கொள்ள முடிந்தது. சினிமாப் பாட்டில் பொருத்துவதற்கு இடமே விடப்படவில்லை.

வியாபார சினிமாவுக்கு விஷயம் தெரியாது என்று சொல்லிவிடவும் முடியாது. பாலாஜி சக்திவேலின் 'காதல்' படத்துக்கு நன்றாகத் தெரியும். மதுரையில் ஒரு மெக்கானிக் பையனும் வசதியான ஆதிக்கசாதிக் குடும்பத்துப் பெண்ணும் சென்னைக்கு ஓடிப்போகிறார்கள்; அவளுடைய சொந்தக்காரர்கள் தேடிப் பிடிக்கிறார்கள்; அவன் அடிபட்டுப் புத்தி பேதலித்துத் தெருவில் திரிகிறான். கதையில் அலர் உண்டு, உடன்போக்கு உண்டு, சாதி உண்டு. ஆனால் தியேட்டரிலிருந்து புறப்பட்டுப் போனது கதையல்ல, பாட்டு. சேலம் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து ராசிபுரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் கிளம்பும் தனியார் பஸ்களில், லாரி கேபின்களில், பள்ளிபாளையம் விசைத்தறிக் கொட்டகைக்கு எதிரே இருக்கும் டீக்கடைகளில், எம்பி3 சி.டி.யிலும் பிறகு மெமரி கார்டிலும் ஏறி இந்தச் சமவெளி முழுக்கச் சுற்றியது அந்த இரண்டு பேர் மட்டும் இருக்கிற பாட்டு. அடியும் பைத்தியமும் படத்தோடு டப்பாவில் தங்கிவிட்டன.

இதற்கு ஒரு பின்விளைவும் உண்டு. மூன்றாவது மனிதரை நீக்கிவிட்ட பாட்டில் காதல் முறிந்தால் குற்றவாளி யார்? மீதமிருப்பது இரண்டு பேர்தான். பாடுகிறவன் ஆண். ஆகவே குற்றம் பெண் தலையில் விழுகிறது. 2011ல் தனுஷ் எழுதிப் பாடி, அனிருத் இசையில் உலகம் சுற்றிய 'கொலவெறி'யும் அதைச் சுற்றி முளைத்த 'சூப் பாய்ஸ்' கேலிகளும் வானத்திலிருந்து குதித்தவை அல்ல. முந்தைய பத்தாண்டின் சுத்தமான பாட்டுகளுக்கு அவை நேர் வாரிசுகள். அங்கே ஊர் இல்லை. ஆதலால் இங்கே அவள் துரோகி. 'காதல் தோல்வி' என்கிற சொல்லே இந்தக் கணக்கில் பிறந்ததுதான். யார் தோற்கடித்தார்கள் என்று அது சொல்வதில்லை.

சொல்லாமல் விடுவதால் யாருக்கு லாபம் என்பதை இந்தச் சமவெளி 2015ல் பார்த்தது. ஓமலூரைச் சேர்ந்த கோகுல்ராஜ் ஒரு பொறியியல் பட்டதாரி, தலித். ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில், உடன் படித்த கவுண்டர் சாதிப் பெண் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தபோது கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில், தலை துண்டான உடல். அவரை மிரட்டித் தற்கொலைக் கடிதம் எழுதவைத்தார்கள், காதல் தோல்வியால் சாவதாகப் பேசவைத்துப் படம் பிடித்தார்கள் என்பது அரசுத் தரப்பு வழக்கு. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் ஒரு சாதிப் பேரவையின் தலைவர் உள்பட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023ல் உயர் நீதிமன்றம் தலைவரின் தண்டனையை உறுதிசெய்தது.

அந்தப் பேச்சு எப்படி நம்பும்படியாகத் தோன்றியிருக்கும் என்று யோசிக்கவேண்டும். பாட்டு யாரையும் கொல்லவில்லை. ஆனால், ஒரு இளைஞன் சாவதற்குக் காதல் தோல்வியே போதுமான காரணம், அதில் வேறு யாருக்கும் சம்பந்தமில்லை என்ற கதைவடிவம் ஊர் முழுக்கத் தயாராகக் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டார்கள். 2012ல் தர்மபுரிப் பக்கம் தலித் வீடுகள் எரிக்கப்பட்ட காலத்தில் ஜீன்ஸும் கறுப்புக் கண்ணாடியும் போட்டு மயக்கும் 'நாடகக் காதல்' என்று மேடைகளில் முழங்கினார்களே, அதுவும் இதே சினிமாப் பார்வைதான்: காதல் என்பது உடுப்பும் பாட்டும், அதற்கு மேல் ஒன்றுமில்லை. பாட்டும் சாதிக்காரனும் இந்த ஒரு இடத்தில் ஒத்துப்போகிறார்கள்.

மெட்டுக்கு எழுதுகிறவன் என்ன செய்வான், நாலு நிமிஷத்தில் சமூகத்தை அடக்க முடியுமா என்பது வழக்கமான சமாதானம். இதற்குப் பதிலும் இந்த ஊரிலேயே இருக்கிறது. திருச்செங்கோட்டு டி. ஆர். சுந்தரம் சேலத்தில் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸில் 1950ல் 'மந்திரி குமாரி' எடுத்தார்கள். அதில் கணவன் மனைவியை மலையுச்சிக்கு அழைத்துப் போகிற பாட்டு ஒன்று. மெட்டு கொஞ்சுகிறது. அழைப்பவன் அவளைத் தள்ளிக் கொல்லப் போகிறான். கடைசியில் தள்ளப்படுவது அவன்தான். இனிமையும் கொலையும் ஒரே மெட்டில் ஏறின, அதுவும் பச்சையான வியாபாரப் படத்தில். ஏற்காடு சாலையில் அந்த ஸ்டூடியோவின் நுழைவு வளைவுதான் மிச்சம். அது சாதித்ததைப் பின்னால் வந்த கவிஞர்கள் முயன்றுகூடப் பார்க்கவில்லை என்பது என் புகார்.

உரைநடை முயன்றிருக்கிறது. பெருமாள்முருகனின் 'பூக்குழி' (2013) சாதியின் பெயரைச் சொல்லாமலேயே, சாதி மாறி மணந்த ஒரு பெண்ணைச் சுற்றி மாமியாரையும் ஊரையும் அலர் தூற்றும் வாய்களையும் நிறுத்திக் காட்டுகிறது. அகத்திணையின் உண்மையான வாரிசு அந்த நாவல்.

புதுக்கவிதை? அதுதான் இங்கே கூச்சப்படவேண்டியது. நம் பத்திரிகைகளில் வருகிற காதல் கவிதைகளிலும் நீ, நான், ஜன்னல், மழை. சினிமாக்காரர்கள் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது சுத்தமான பாஷையை மட்டுமல்ல, ஆளில்லாத அந்த அறையையும்தான். ஜனங்களிடம் போய்ச் சேர்ந்தது அதுதானென்றால் பெருமிதப்பட என்ன இருக்கிறது?

அடுத்த இதழுக்குக் காதல் கவிதை அனுப்ப உத்தேசித்திருக்கும் நண்பர்கள், அந்தப் பெண்ணின் அண்ணன் கவிதையில் எங்கே நிற்கிறான் என்று ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டு அனுப்பட்டும்.