உடைத்தால் குப்பை! கழற்றினால் காசு!

குளியல் அறைச் சுவருக்குள் குழாய் ஒழுகுகிறது. கொத்தனார் வருகிறார். சுத்தியலை ஓங்குகிறார். பத்து நிமிடத்தில் பத்து டைல்ஸ் தூள்!

குழாய் சரியாகி விடும். ஆனால் அந்த இடத்தில் பதிக்க அதே டைல்ஸ் வேண்டுமே! கடை கடையாக ஏறி இறங்கினாலும் பழைய நிறமும் பழைய பூவும் கிடைப்பது அரிது. கடைசியில் என்ன நடக்கிறது? பத்து டைல்ஸ் போனதற்காக நான்கு சுவரையும் உடைக்கிறார்கள். சிறிய செலவு பெரிய செலவு ஆகிறது. குடும்பம் கடன் வாங்குகிறது.

இது தேவைதானா?

தேவை இல்லை. டைல்ஸ் என்பது மண்ணைப் பக்குவப்படுத்தி, 1,000 டிகிரிக்கு மேல் சூளையில் சுட்டு எடுத்த பொருள். இருபது ஆண்டு ஆனாலும் அது கெடுவது இல்லை. முகத்தைத் துடைத்தால் புதுசு போலப் பளபளக்கும். கெட்டுப் போனது அதன் முதுகில் ஒட்டி இருக்கும் பழைய பூச்சுதான். அதை நீக்கத் தெரிந்தால் டைல்ஸ் மீண்டும் சுவர் ஏறும்.

கழற்றும் முறை

முதலில் டைல்சுக்கு நடுவே உள்ள இணைப்புப் பூச்சைச் சுரண்டி எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் நெம்பினால், ஒன்றை எடுக்கும்போது பக்கத்தில் இருப்பதும் விரிசல் விடும். பிறகு ஓரத்தில் இருந்து தொடங்கி, பட்டை உளியை அடியில் நுழைத்து, மெல்லத் தட்ட வேண்டும். முதல் டைல்ஸ் உடைந்தால் உடையட்டும். அது விட்ட இடத்தின் வழியாக மற்றவற்றை எளிதில் எடுக்கலாம்.

முதுகில் இருப்பது என்ன?

எல்லாப் பூச்சும் ஒன்று அல்ல. டப்பாவில் குழைத்தே வரும் பசை என்றால், வெந்நீரில் ஊறினால் இளகும். கத்தியால் வழித்து விடலாம். சிமெண்டு கலந்த பசையோ, பழைய சிமெண்டுக் கலவையோ தண்ணீரில் கரையாது. ஆனாலும் ஓர் இரவு ஊற வைப்பது நல்லது. சுரண்டும்போது தூசி பறக்காது.

மூன்றாவது வகை 'எபாக்சி' பசை. இது கல்லைப் போல இறுகி விடும். தண்ணீருக்கு அசையாது. இதோடு மல்லுக்கட்டுவது வீண்.

சுரண்டும்போது சமமான பலகையில் சாக்கை மடித்துப் போட்டு, டைல்சின் முகம் கீழே இருக்கும்படி வைக்க வேண்டும். உளியைச் செங்குத்தாகப் பிடிக்கக் கூடாது. சாய்த்துப் பிடித்து, ஓரத்தில் இருந்து நடுவை நோக்கித் தள்ள வேண்டும். வெளியே பார்த்துத் தள்ளினால் ஓரம் பெயர்ந்து விடும். கண்ணாடியும் கையுறையும் அவசியம். டைல்ஸ் சில்லு கத்தியை விடக் கூர்மை!

முதுகு கண்ணாடி போல ஆக வேண்டியது இல்லை. மேடு பள்ளம் நீங்கினால் போதும்.

ஆசிட் வேண்டாம்

"ஆசிட் ஊற்றினால் சிமெண்டு கரைந்து விடும்" என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதன் புகை கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும். குளியல் அறையைக் கழுவும் பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும். மூடிய அறையில் அது ஆளையே கொல்லும். ஆத்தங்குடி டைல்ஸ் சுடாதது, சிமெண்டால் செய்தது. அதில் ஆசிட் பட்டால் டைல்சே அரித்துப் போகும். குழந்தைகள் ஓடி ஆடும் வீட்டில் இந்த விளையாட்டு வேண்டாம்.

தூசியும் எமன்தான்

சிலர் எந்திரம் வைத்துத் தேய்க்கிறார்கள். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கினால் சிலிகோசிஸ் நோய் வரும். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. தொழில் இடங்களில் சுவாசிக்கும் சிலிக்கா தூசி புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997-ல் அறிவித்தது.

வீட்டுக்காரர் கதவைச் சாத்திக் கொள்கிறார். கொத்தனாரும் சித்தாளும் நாள் முழுவதும் அந்தத் தூசியைக் குடிக்கிறார்கள். மூக்கில் துண்டைக் கட்டினால் போதாது. தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். தூசியைத் தடுக்கும் நல்ல முகமூடி தர வேண்டும். டைல்சை மிச்சப்படுத்துவதற்காக ஒரு தொழிலாளியின் மூச்சைச் செலவழிப்பது சிக்கனம் ஆகாது.

கணக்குப் பாருங்கள்

சுத்தம் செய்த டைல்சை விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். 'டண்' என்று ஒலித்தால் நல்லது. 'டொக்' என்றால் உள்ளே விரிசல். அதை ஒதுக்கி விடலாம். சுவர் டைல்ஸ் தன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடத் தண்ணீர் குடிக்கும். நன்றாகக் காய்ந்த பிறகே பசை தடவிப் பதிக்க வேண்டும்.

எல்லா டைல்சையும் காப்பாற்றத்தான் வேண்டுமா? இல்லை. கடையில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளை டைல்சுக்காக இரண்டு நாள் கூலி கொடுப்பது நஷ்டம். கிடைக்காத டைல்ஸ், விலை உயர்ந்த டைல்ஸ், பழுது பார்க்கத் தேவையான டைல்ஸ், இவற்றைக் காப்பாற்றினால் லாபம்.

ஊருக்கும் இதில் லாபம் உண்டு. உடைத்த டைல்ஸ் எங்கே போகிறது? ஏரிக் கரைக்கும் வாய்க்காலுக்கும்! அங்கே அது மக்காது. வெறுங்காலில் நடப்பவர் காலைக் கிழிக்கும். கட்டிட இடிபாடுகளைச் சாலையிலும் வடிகாலிலும் கொட்டக் கூடாது என்று மத்திய அரசு 2016-லேயே விதி செய்தது. விதி ஏட்டில் இருக்கிறது. கற்குவியல் வாய்க்காலில் கிடக்கிறது!

புது வீடு கட்டுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. டைல்ஸ் வாங்கும்போது ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிப் பரணில் வைப்பது நல்லது. பழைய வீட்டைப் பழுது பார்க்கிறவர்கள், கொத்தனார் சுத்தியலை ஓங்கும் முன்பு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: "அண்ணே, உடைக்காமல் எடுங்கள்!"

அந்த ஒரு வார்த்தைக்குக் காசு இல்லை. மிச்சமாவது காசு!