கண்ணை மூடச் சொன்னபோது



இம்முறை வாடகை ஒப்பந்தம் பற்றி எழுதுவதாகச் சென்ற இதழில் சொல்லியிருந்தோம். அதை ஒத்திவைக்கிறோம். எங்களோடு ஒரே ஷிப்டில் நிற்கும் ஒரு குடும்பத்துக்கு நடந்த விடயம் எங்களைச் சில கிழமைகளாகப் போட்டு உலைத்துவிட்டது. அவர்களின் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம். பெயர், ஊர், பாடசாலை எதுவும் வேண்டாம் என்றார்கள். சரி என்றோம்.

பிள்ளைக்குப் பதினான்கு வயது. இங்கு வந்து ஒரு வருடம் ஆகவில்லை. ஊரில் ஓர் இரவு வீட்டுக்கு வந்தவர்கள் லைற்றை நிறுத்தச் சொல்லிவிட்டு அறை அறையாக நடந்து தகப்பனைக் கொண்டுபோனார்கள். பதினொரு நாளைக்குப் பிறகு தகப்பன் வந்தார். அதன் பிறகு நாடு நாடாக அலைந்து வந்த கதை உங்களில் பலருக்குத் தெரிந்த கதைதான்.

இங்கே அவனுடைய வகுப்பில் கிழமைக்கு ஒருமுறை 'மைன்ட்ஃபுல்னெஸ்' என்றொரு பாடம். வெளியிலிருந்து ஒருவர் வந்து, லைற்றைக் குறைத்து, ஒரு சிறிய மணியைத் தட்டி, கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்வாராம். பிள்ளைகள் கண்ணை மூடியிருக்க அவர் வாங்குகளுக்கு இடையே மெதுவாக நடப்பார். அன்றைக்கு அந்தக் காலடிச் சத்தம் இவனுக்குப் பின்னால் வந்து நின்றது. அவ்வளவுதான். மேசையைத் தள்ளி விழுத்திவிட்டு ஓடியவனை அரை மணித்தியாலம் கழித்து ரூட் 46 கரையில் பஸ் தரிப்பில் கண்டுபிடித்தார்கள்.

அனுமதியின்றி வகுப்பை விட்டு வெளியேறினான் என்று ஒரு கடிதம். பெற்றோரை வரச் சொல்லி ஒரு ரெலிபோன். போனார்கள். மொழிபெயர்த்தது யார் தெரியுமா? பத்து வயதுத் தங்கச்சி.

"மகனுக்கு ட்ரோமா இருக்கலாம்" என்று அவர்கள் சொல்ல, சின்னவள் யோசித்துவிட்டு, "அண்ணாக்கு அக்சிடென்ற் நடந்ததாம் அம்மா" என்றிருக்கிறாள்.

"எந்த அக்சிடென்ற் பிள்ளை? எங்களுக்கு ஒரு அக்சிடென்ரும் நடக்கேல்லையே!"

சிரிப்பு வருகிறதா? எங்களுக்கும் முதலில் வந்தது. பிறகு வரவில்லை.

அடுத்ததாக, கவுன்சிலர் ஒருவரைச் சந்திக்கலாம் என்றார்கள். தாய்க்கு அது 'விசர் டொக்டர்' என்று கேட்டது. வீட்டுக்கு வந்து தகப்பன் போட்ட சத்தம் பக்கத்து அப்பார்ட்மென்ற் வரை கேட்டது. பிள்ளைக்கு விசர்ப் பட்டம் கட்டினால் கேசும் பாழாகிவிடும் என்று அவருக்குப் பயம். மகன் அந்த வகுப்புக்கும் போகக்கூடாது, ஒருவரோடும் கதைக்கவும் கூடாது என்று கடிதம் எழுதித் தரச்சொல்லி எங்களிடம் வந்தார்.

நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டோம். நாங்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள் இல்லை. ஓ.எல். உடன் நின்றவர்கள். ஆனாலும் விசாரிக்கவும் வாசிக்கவும் தெரியும்தானே.

முதலில் அந்தப் பயத்தைப் பற்றி. ஊரில் 'அங்கொடை' என்றால் ஏச்சு. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்குக் 'கீழ்ப்பாக்கம்'. அமெரிக்கரிடமும் இது இல்லாமலில்லை. நாங்கள் இருக்கும் பார்சிப்பனி எல்லைக்குள்ளேயே கிறேஸ்ரோன் பார்க் என்ற அரச மனநோய் மருத்துவமனை இருக்கிறது. 1876 இல் திறந்தது. 1950 களில் 7,000 பேருக்கு மேல் நெருக்கியடித்து அங்கே இருந்தார்கள். பெரும் பாட்டுக்காரர் வூடி கத்ரி 1956 இலிருந்து 1961 வரை அங்கு நோயாளியாக இருந்தவர். 2008 இல் புதுக் கட்டடத்துக்கு மாறி, 2015 இல் அந்தப் பழைய பெரிய கல்லுக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். இந்தப் பக்கத்துப் பழைய ஆட்களிடம் கதைத்தால் அந்தப் பெயரை இன்றைக்கும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். பாடசாலைக் கவுன்சிலர் அந்த வகை இல்லை. பாடத் தெரிவு, சண்டை, அழுகை எல்லாவற்றுக்கும் பிள்ளைகள் போய் நிற்கும் ஆள் அவர்.

கேஸ் விடயம் உங்கள் லோயரிடம் கேட்க வேண்டியது. ஆனால் ஒன்று சொல்லலாம். நடந்த கொடுமைக்கு ஆதரவாக உளநல மருத்துவரின் அறிக்கையை அகதி வழக்கில் வைப்பது இந்த நாட்டில் வழமை. மனம் நொந்து போனதற்காக ஒருவரின் கதை பொய்யாகிவிடாது.

இனி அந்த 'மைன்ட்ஃபுல்னெஸ்'. தகப்பன் இதைப் 'வெள்ளைக்காரன்ர விளையாட்டு' என்றார். தாய் வேதக்காரி, இது சைவக்காரரின் யோகா என்று அவருக்குச் சந்தேகம். இரண்டும் பாதி சரி! மூச்சைக் கவனிக்கும் பழக்கம் புத்த சமயத்தில் ஆனாபானசதி என்று மிகப் பழையது. அதைச் சமயத்திலிருந்து பிரித்து, தீராத நோவு உள்ளவர்களுக்கென்று 1979 இல் மசாசூசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் தொடங்கினார் ஜொன் கபட் சின் என்பவர். அங்கிருந்து பாடசாலைகளுக்கும் சிறுவர் தடுப்பு இல்லங்களுக்கும் பரவியது.

ஆனால் எங்களுக்கு இதைச் சொல்லித்தர வெள்ளைக்காரர் வரவேண்டியிருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் போர் நடந்துகொண்டிருந்தபோதே உளமருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இதைச் செய்தவர். எங்கள் ஆட்கள் 'மனசு சரியில்லை' என்று வரமாட்டார்கள். தலையிடி, நெஞ்சுநோ, நித்திரை இல்லை என்றுதான் வருவார்கள் என்பது அவருக்குத் தெரியும். மூச்சுப் பயிற்சி, சவாசனம், செபம் இவற்றையே மருந்தோடு மருந்தாகச் சேர்த்தார். சைவருக்கு நமசிவாய, கத்தோலிக்கருக்கு யேசுவின் பெயர், முஸ்லிம்களுக்கு அல்லாவின் பெயர் என்று அவரவர் வாயில் ஏற்கெனவே இருந்ததையே எடுத்தார். பிறகு அவுஸ்திரேலியாவில் அகதிகளிடமும் இதே முறையைப் பயன்படுத்தி 2010 இல் அதைப்பற்றி எழுதியிருக்கிறார். இதைச் சொன்னபோது தாயின் முகம் கொஞ்சம் தெளிந்தது. செபமாலை உருட்டுகிற மனுசிக்கு ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால் நெஞ்சு ஆறும் என்று நாங்கள் விளக்க வேண்டுமா?

2004 மார்கழியில் சுனாமி வந்து மூன்று கிழமைக்குள் வட கிழக்குக் கரையில் ஒரு முகாமில் 31 பிள்ளைகளை எடுத்தார்கள். எல்லோருக்கும் போரும் கடலும் சேர்ந்து அடித்த மனவடு. ஒரு பகுதியினருக்கு நடந்ததை ஒழுங்காகச் சொல்லவைக்கும் முறை, மற்றப் பகுதியினருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆறு ஆறு தடவைகள். செய்தவர்கள் பயிற்சி பெற்ற எங்கள் ஊர் உளவளத்துணையாளர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது கதை சொன்னவர்களில் 81 வீதமும் தியானம் செய்தவர்களில் 71 வீதமும் தேறியிருந்தார்கள். 2009 இல் வெளியான ஆய்வு இது. சிறிய தொகைதான். ஒரு சிகிச்சையும் கொடுக்காமல் விட்ட பிள்ளைகள் என்று ஒப்பிட அதில் ஒருவரும் இல்லை என்பதையும் சொல்லவேண்டும்.

அப்படியானால் எங்கள் பிள்ளை ஏன் ஓடினான்?

இதை விளங்க நாங்கள் வேறெங்கும் போகத் தேவையில்லை. 2009 இல் எங்களில் சிலருக்குப் பதினாறு, பதினேழு வயது. பங்கருக்குள் செல் கூவிக்கொண்டு வரும்போது என்ன செய்தோம்? கண்ணை இறுக்கி மூடி மூச்சைப் பிடித்துக்கொண்டு, விழும் இடத்தைக் காதால் கணக்குப் பார்த்தோம். கண்ணை மூடுவதும் மூச்சைக் கவனிப்பதும் எங்கள் உடம்புக்கு அமைதியின் அடையாளம் இல்லை. சாவு பக்கத்தில் வருகிறது என்பதன் அடையாளம். அந்தப் பிள்ளைக்கு இருட்டும் காலடியும் அப்படி. அவன் குழப்படி செய்யவில்லை. அவனுடைய உடம்பு அவனைக் காப்பாற்ற ஓடியது.

இதை இங்குள்ள ஆசிரியர்களும் விளங்காமல் இல்லை. டேவிட் டிறெலீவன் என்பவர் 2018 இல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். உள்ளே பார்க்கச் சொல்வது மனவடு உள்ளவரைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் விடலாம் என்பது அதன் சாரம். கலிபோர்னியாவில் ஓக்லண்ட் பக்கத்தில் சாம் ஹிமெல்ஸ்ரைன் என்ற உளவியலாளர் தடுப்பு இல்லங்களில் உள்ள இளையவர்களுக்கு இதைப் படிப்பித்தவர். தானும் இளவயதில் அப்படியான இடத்துக்குப் போய்வந்தவர். முதலில் உறவு, பிறகுதான் பயிற்சி என்பது அவரது வழி. கண் திறந்திருக்கலாம். மூச்சு ஒத்துவராவிட்டால் நிலத்தில் பதிந்த பாதத்தைக் கவனிக்கலாம், ஒரு சத்தத்தைக் கேட்கலாம். எழுந்து போகலாம். பிள்ளையின் கையில் தெரிவு இருக்க வேண்டும்.

நாங்களும் சாப்பாட்டு இடைவேளையில் செய்து பார்த்தோம். ஒருவருக்கு மூச்சைக் கவனிக்கத் தொடங்கியதும் நெஞ்சு அடைத்தது. பிறகு பிரஸ் மெசின் அடிக்கும் 'டக், டக்' ஐ மட்டும் கேட்டுக்கொண்டு இருந்தார். அது சரிவந்தது. சுப்பவைசர் வந்து என்ன பிரார்த்தனையா என்று கேட்டார்!

எல்லாப் பாடசாலைகளிலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இது நல்லது என்று சொல்பவர்களையும் நாங்கள் நம்பவில்லை. பிரித்தானியாவில் 8,000 க்கு மேற்பட்ட மாணவர்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2022 இல் வெளிவந்தது. வழமையான பாடத்தைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை. ஏற்கெனவே மனச்சிக்கல் உள்ள பிள்ளைகள் சிலருக்குக் கொஞ்சம் மோசமாகவும் இருந்தது.

எங்கள் நாட்டிலேயே இன்னொரு ஆய்வு, 2012 இல் வந்தது. வடக்கில் 399 பிள்ளைகள். தியானம் அல்ல, விளையாட்டு, கலை, மனப்பயிற்சி கலந்த 15 வகுப்புகள், 5 கிழமைகள். குழப்படி குறைந்தது, சிறியவர்களிடம் கூடுதலாக. மனவடு விடயத்தில் ஆண் பிள்ளைகளுக்குப் பலன் தெரிந்தது. பெண் பிள்ளைகளோ வகுப்புக்கு வராமல் காத்திருந்தவர்களை விடக் குறைவாகத்தான் தேறினார்கள். எங்களை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொன்று: அன்றாட வாழ்வில் போரின் நெருக்கடி குறைந்திருந்த பிள்ளைகளுக்குத்தான் கூடப் பலன். இருக்கும் வீடு எப்போது போகும் என்று தெரியாத பிள்ளைக்கு மூச்சுப் பயிற்சி எவ்வளவு தூரம் உதவும்? தாய் பகல் ஷிப்ட், தகப்பன் இரவு ஷிப்ட், கேசுக்குத் திகதி இல்லை, ஒரே அறையில் ஐந்து பேர். அந்தப் பிள்ளையிடம் 'ஆழமாக மூச்சு விடு' என்று சொல்வதை எங்களால் கொஞ்சம் கோபத்தோடுதான் கேட்க முடிகிறது.

கோபம் ஒருபக்கம் இருக்கட்டும். நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறோம்.

தடைசெய்யச் சொல்லும் கடிதத்துக்குப் பதிலாக வேறொரு கடிதம் எழுதினோம். தமிழ் மொழிபெயர்ப்பாளரோடு ஒரு சந்திப்பு வேண்டும் என்பது முதல் வரி. இது சலுகை அல்ல. ஆங்கிலம் தெரியாத பெற்றோருக்கு விளங்கும் மொழியில் முக்கிய விடயங்களைச் சொல்வது பாடசாலையின் பொறுப்பு, 1964 சிவில் உரிமைச் சட்டத்தை ஒட்டி வந்தது. காசு கட்டத் தேவையில்லை. ரெலிபோனிலும் மொழிபெயர்ப்பாளரைப் பிடிப்பார்கள். தயவுசெய்து பிள்ளைகளை மொழிபெயர்க்க விடாதீர்கள். அந்தப் பத்து வயதுப் பிள்ளை தன் அண்ணாவைப் பற்றி என்னென்ன கேட்க வேண்டி வந்தது என்று யோசியுங்கள்.

சந்திப்புக்கு எங்களில் ஒருவரும் கூடப் போனோம். நடந்ததெல்லாவற்றையும் கொட்டத் தேவையில்லை என்று தகப்பனுக்குச் சொல்லியிருந்தோம். அவர் சொன்னது இவ்வளவுதான்: "இருட்டும் பின்னுக்கு நடக்கிறதும் அவனுக்குச் சரிவராது. ஏன் எண்டு அவன் விரும்பினாச் சொல்லட்டும்." ரெலிபோனில் இருந்த மொழிபெயர்ப்பாளர் பெண் அதை அப்படியே சொன்னார். அந்த அறையில் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு வகுப்பு எடுப்பவர், "என்னிடம் யாரும் இதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை" என்றார். நல்ல மனிதர்தான்.

இப்போது லைற் முழுதாக எரிகிறது. அவர் முன்னுக்கு ஒரு கதிரையில் இருக்கிறார், நடப்பதில்லை. கண்ணை மூட விருப்பமில்லாதவர்கள் மூடத் தேவையில்லை. இவனுக்குக் கதவுக்குப் பக்கத்தில், முதுகு சுவரோடு ஒட்டிய இடம். கடிதத்தில் இருந்த குற்றம் நீக்கப்பட்டது. கவுன்சிலரிடம் போவதா என்று பிள்ளையிடமே கேட்டார்கள். ஒரு மாதம் பதில் சொல்லவில்லை. இப்போது கிழமைக்கு ஒருநாள் போகிறான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கடிதம் வந்தால் கையெழுத்து வைக்க முன்னர் கேளுங்கள்: என்ன செய்கிறார்கள், யார் செய்கிறார்கள், பிள்ளை வேண்டாம் என்றால் விடுவார்களா, பிள்ளை சொல்வது யாருக்குப் போகும். பிள்ளை நித்திரை கொள்ளாமல், சாப்பிடாமல், 'இருந்து என்ன' என்று கதைத்தால் பாடசாலையைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். 988 என்ற இலக்கத்தை எந்த நேரமும் அழைக்கலாம். 2022 யூலையிலிருந்து நாடு முழுதும் இருக்கிறது. 'ரமில்' என்று மட்டும் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.

போன ஞாயிறு அவர்கள் வீட்டுக்குப் போனோம். தகப்பன் இரவு ஷிப்ட் முடித்து வந்து நித்திரை வராமல் சோபாவில் இருந்தார். மகன் பக்கத்தில் வந்து இருந்து, "அப்பா, கண்ணை மூட வேண்டாம். அந்த ஃபிரிட்ஜ் சத்தத்தைக் கேளுங்கோ" என்றான். அவர் எங்களைப் பார்த்து வெட்கப்பட்டார். ஆனாலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

வாடகை ஒப்பந்தம் பற்றி அடுத்த இதழில் கட்டாயம் எழுதுவோம்.