ஞாயிற்றுக்கிழமைக் குழம்பும் வியாழக்கிழமைக் காலையும்



நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் சாலையில், குமரிமுனைக்குச் சில கிலோமீட்டர் முன்னால் இருக்கிறது எங்கள் ஊர் கொட்டாரம். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் நான் இயற்பியல் விரிவுரையாளர். காலை எட்டு மணிப் பேருந்தைப் பிடித்தால்தான் முதல் வகுப்புக்குப் போய்ச் சேர முடியும். அதற்குள் வீட்டிலுள்ள ஐந்து பேருக்கும் காலை உணவும், மதியத்துக்குச் சோறும் குழம்பும் துவரனும் தயாராகிவிட வேண்டும். பல ஆண்டுகள் நான் நாலரை மணிக்கு எழுந்திருக்கிறேன். உங்களில் பலருடைய அம்மாவும் அப்படித்தான் எழுந்துகொண்டிருப்பார். அந்த நேரத்தில் நீங்கள் உறங்கிக்கொண்டிருப்பதால் அது உங்களுக்குத் தெரிந்திருக்காது.

இப்போது நான் ஐந்தே முக்காலுக்கு எழுகிறேன். வரும் வாரத்தில் என்றைக்கு என்ன சமைப்பது என்பதைச் சனிக்கிழமை இரவே ஒரு தாளில் எழுதிவிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை அதில் ஒரு பகுதியைச் சமைத்து, குளிர்பதனப் பெட்டியின் மேல் அறையில், அதாவது பிரீசரில், உறைய வைத்துவிடுகிறோம். இதைச் சோம்பேறித்தனம் என்று சிலர் சொன்னார்கள். ஐஸில் வைத்த குழம்பு விஷம் என்று வேறு சிலர் சொன்னார்கள். இரண்டும் தவறு என்பதே என் கருத்து. ஆனால் பிரீசர் இருந்தால் போதும், எதையும் எத்தனை மாதமும் அடைத்து வைக்கலாம் என்று நம்புகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அது இயற்பியல் தெரியாத நம்பிக்கை.

முன்கூட்டியே சமைத்து வைப்பது நாஞ்சில் நாட்டுக்குப் புதிதல்ல. என் மாமியார் பிரீசரைத் தொடமாட்டார். அவருடைய இருப்பெல்லாம் உப்புமாங்காய்ப் பரணி, வெயிலில் காய்ந்த வத்தல், கருவாடு, இரவில் தண்ணீர் ஊற்றி வைத்த சோறு, புளி சேர்த்து மண்சட்டியில் வைத்த மீன்குழம்பு ஆகியவைதான். உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் பெருகுவதற்குத் தண்ணீர் வேண்டும். வெயில் அந்தத் தண்ணீரை எடுத்துவிடுகிறது. உப்போ, தண்ணீர் இருந்தும் அது அவற்றுக்குப் பயன்படாதபடி பிடித்துவைத்துக்கொள்கிறது. புளியின் அமிலத்தில் பல கிருமிகளுக்கு வாழ்வே கடினம். இந்த வரிசையில் நான்காவதாக வந்த முறைதான் குளிர். முதல் மூன்றுக்கும் ஒருமுறை உழைத்தால் போதும். குளிருக்கோ ஒவ்வொரு நிமிடமும் மின்சாரம் செலவழித்தாக வேண்டும். இந்த வேறுபாட்டை நான் பிறகுதான், அதுவும் நஷ்டப்பட்டுத்தான், உணர்ந்தேன்.

முதலில் குளிர் செய்யும் வேலையைப் பார்ப்போம். இளஞ்சூட்டில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, ஐந்து மணி நேரத்தில் 15 முறை இரட்டித்தால் எவ்வளவு? 32,768! –18° செ. வெப்பநிலையில் இந்தப் பெருக்கம் நின்றுவிடுகிறது. நிற்கிறதே தவிர, அவை எல்லாம் செத்துவிடுவதில்லை. வெளியே எடுத்து இளகவிட்டால், பிழைத்திருப்பவை விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆகவே, உறைய வைக்குமுன் ஐந்து மணி நேரம் அடுப்படியில் ஆறிக் கிடந்த குழம்பைப் பிரீசர் நல்ல குழம்பாக மாற்றித் தராது. சில பாக்டீரியாக்கள் விட்டுச் செல்லும் நச்சு, மீண்டும் கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. ஆறிய சோற்றில் பெருகும் பாசில்லஸ் சீரியஸ் அப்படிப்பட்ட ஒன்று. அதனால் எங்கள் வீட்டில் சோற்றை உறைய வைப்பதே இல்லை. குக்கரில் அரை மணி நேர வேலைதானே!

தொடக்கத்தில் நான் ஒரு பெரிய பாத்திரம் நிறையச் சாம்பாரை அப்படியே பிரீசரில் தூக்கி வைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் ஓரமெல்லாம் பனிக்கட்டி, நடுவில் உறையாத சாம்பார். வகுப்பில் உள்ளுறை வெப்பத்தை ஆண்டுதோறும் நடத்துகிறவள் செய்கிற காரியமா அது? சாம்பாரைத் தண்ணீராகவே எண்ணிக் கணக்கிடுவோம். ஒரு கிராமை 30 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்குக் கொண்டுவர 30 கலோரி வெப்பத்தை எடுக்க வேண்டும். 0 டிகிரியிலேயே அதைப் பனிக்கட்டியாக்க 80 கலோரி. பிறகு –18 டிகிரி வரை குளிர்விக்க வெறும் 9 கலோரி. (உங்கள் பாடநூல் ஜூலில் சொல்லும், 4.2ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.) ஆக மொத்தம் 119 கலோரியில் மூன்றில் இரண்டு பங்கு, வெப்பநிலை ஒரு டிகிரிகூட இறங்காத அந்த உறையும் கட்டத்திலேயே போய்விடுகிறது. அந்த வெப்பம் நடுப்பகுதியிலிருந்து விளிம்புக்குக் கடத்தப்பட்டு வர வேண்டும். தடிமன் இரு மடங்கானால் அதற்கு ஆகும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். எனவே சாம்பார் வைக்க ஏற்றது குடம் போன்ற பாத்திரமல்ல, தட்டையான டப்பா. இப்போது பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிக் கிளறி, சூட்டைத் தணித்து, மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் டப்பாக்களில் ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுகிறேன். டப்பாவை விளிம்புவரை நிரப்பக்கூடாது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். ஒரு கண்ணாடிப் புட்டியையும் அதிலிருந்த ரசத்தையும் கொடுத்து நான் வாங்கிய பாடம் அது!

மெதுவாக உறைந்தால் பனிப்படிகங்கள் பெரிதாக வளர்ந்து காயின் செல்களைக் கிழித்துவிடும். 1912 முதல் சில ஆண்டுகள் கனடாவின் லாப்ரடார் பகுதியில் வாழ்ந்த கிளாரென்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர், கடுங்குளிர்க் காற்றில் நொடியில் உறைந்த மீன் பின்னர் சமைத்தபோது புதுமீன் போலவே இருப்பதைக் கண்டார். விரைவாக உறைய வைக்கும் தொழில் அவர் முயற்சியால் வளர்ந்தது. நம் வீட்டுப் பெட்டிக்கு அந்த வேகம் கிடையாது. ஆகவே வெள்ளரிக்காய், உருளைக்கிழங்கு, தயிர் ஊற்றிய அவியல் இவற்றை அதில் வைத்து ஏமாறாதீர்கள். வறுத்து அரைத்த தீயல் அரைப்பு, தேங்காய்த் துருவல், வேகவைத்த பயறு, மீன்குழம்பு ஆகியவை நன்றாகவே இருக்கும்.

2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைத் தாக்கியது. ஆயிரக்கணக்கில் மின்கம்பங்கள் சாய்ந்தன. வாழையும் ரப்பரும் தென்னையும் முறிந்து விழுந்தன. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களை நினைத்தால் குழம்பைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்கு ஆறாம் நாள்தான் மின்சாரம் வந்தது. அப்போது என் பிரீசரில் மூன்று வாரத்துக்கான உணவு இருந்தது. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. நிறைந்த பிரீசர், கதவைத் திறக்காமல் விட்டால் சுமார் 48 மணி நேரம் குளிரைக் காக்கும். பாதி நிறைந்தது 24 மணி நேரம். நானோ கவலையில் மணிக்கொரு முறை திறந்து பார்த்தேன். பார்த்ததே அதன் ஆயுளைக் குறைத்தது. மூன்றாம் நாள் எல்லாவற்றையும் தென்னைமரத்து மூட்டில் குழிவெட்டிப் புதைத்தோம். “ஒனக்க பெட்டிக்குக் கரண்டு வேணும், எனக்க பரணிக்கு என்ன வேணும்?” என்று கேட்டுக்கொண்டே மாமியார் உப்புமாங்காயை எடுத்து வைத்தார். விறகடுப்பில் கஞ்சி கொதித்தது. அந்த ஆறு நாளும் நாங்கள் உண்டது அவருடைய இருப்பைத்தான்.

அதன் பிறகு எங்கள் திட்டம் மாறியது. பிரீசரில் ஒரு வாரத்துக்கு மேல் எதுவும் கிடையாது. தாளில் ஒவ்வோர் உணவுக்கும் எதிரே, அதைக் காக்கப்போவது புளியா, உப்பா, வெயிலா, குளிரா என்று எழுதுகிறோம். வியாழக்கிழமைக்கான டப்பா புதன் இரவே கீழ் அறைக்கு இறங்கி இளகிவிட வேண்டும். காலையில் நன்றாகக் கொதித்த பிறகே பந்திக்கு வர வேண்டும். இந்தத் தாளை எழுதுவது ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகன். சமையல் கணக்கு பெண்பிள்ளைகளுக்குரியது என்று எண்ணும் மாணவன் யாராவது இதைப் படித்தால் அவனிடம் ஒன்று கேட்கிறேன்: உள்ளுறை வெப்பம் தேர்வில் உனக்கும்தானே வருகிறது? உன் வீட்டில் ஐந்து பேருக்கு ஏழு நாள் உணவைத் திட்டமிடுவது, வினாத்தாளில் வரும் பல கணக்குகளைவிடக் கடினம். அதை உன் அம்மா தினமும் தனியாகவே போட்டுக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் வீட்டில் இல்லாதபோது மின்சாரம் நெடுநேரம் போய்த் திரும்பி வந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து, அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, பிரீசரிலேயே விட்டுவிடுங்கள். பனிக்கட்டி உருகி மீண்டும் உறைந்திருந்தால் நாணயம் அடியில் கிடக்கும். அப்போது உள்ளே இருக்கும் உணவை நம்ப வேண்டாம். எங்கள் கிண்ணத்தை என் மகன் வெள்ளிக்கிழமைதோறும் எடுத்துப் பார்க்கிறான். போன வாரம் நாணயம் பாதியில் சிக்கி நின்றது. அது எத்தனை மணி நேர மின்வெட்டைக் காட்டுகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான். விடை இன்னும் வரவில்லை.