படம் எடுத்தாச்சு, பிறகு?



போன எபிசோடில் விண்டோஸ் 10 பற்றிக் கதைச்சோம். 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோசாஃப்ட் அதன் வழக்கமான ஆதரவை நிறுத்தியது, டிபிஎம் 2.0 இல்லாத லேப்டாப்புகள் விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லை என்பது எல்லாம் சொன்னோம். அதற்குப் பிறகு வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான்: "அப்பாவின் லேப்டாப் நல்லாத்தான் ஓடுது, ஆனா அதின்ட காலம் முடிஞ்சுதாம். என்ன செய்யிறது?"

சின்னப் பதில்: லினக்ஸ் போடுங்க. பெரிய பதில் என் மேசைக்குக் கீழே இருக்கிறது.

அது சன் நிறுவனத்தின் ஸ்பார்க்ஸ்டேஷன் 5. 1994-இல் வெளிவந்த மொடல், பீட்சாப் பெட்டி மாதிரித் தட்டையான சாம்பல் பெட்டி, 110 மெகாஹெர்ட்ஸ். அதில் இப்போது நெட்பிஎஸ்டி 10 ஓடுகிறது, 2024-இல் வந்த வெளியீடு. இதைச் சொன்னால் எல்லாரும் "கூல்!" என்பாங்கள். எனக்கு இப்ப பிரச்சினையே அந்தச் சொல்லோடதான். எப்படிப் போட்டேன் என்று முதலில் சொல்கிறேன், பிறகு சண்டைக்கு வருகிறேன்.

பெட்டியை முதன்முதலில் போட்டபோது அதற்குத் தன் பெயரே தெரியவில்லை. இந்த மெஷின்களில் ஒரு சிப் இருக்கு. மணிக்கூடு, கொஞ்சம் மெமரி, ஒரு பற்றரி மூன்றையும் ஒரே பிளாஸ்டிக்குக்குள் அடைத்து வைத்திருப்பார்கள். பற்றரி செத்தால் மெஷின் தன் ஈதர்நெட் முகவரியையும் மறந்துவிடும். புதுச் சிப் வாங்கலாம், அல்லது பிளாஸ்டிக்கை அராவி வெளியே ஒரு நாணய பற்றரி பூட்டலாம். நான் அராவினேன். (கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்க.) பிறகு ஃபோர்த் மொழியில் இயங்கும் அந்த 'ஓகே' திரையில் முகவரியைக் கையால் தட்ட வேண்டும். சன் மெஷின்களின் முகவரி 8:0:20 என்று தொடங்கும். மிச்சத்துக்குப் பழைய ஆட்கள் வழிவழியாகப் போடுவது சி0, எஃப்எஃப், இஇ. ஆங்கிலத்தில் சேர்த்து வாசித்தால் கோப்பி. நானும் அதையே போட்டேன்.

அடுத்தது நெட்வொர்க் வழியாக பூட் செய்வது. இங்கேதான் இரண்டு இரவு போனது. இந்த மெஷின் "என் ஐபி முகவரி என்ன?" என்று ஆர்ஏஆர்பி என்ற நெறிமுறையில் கத்தும். அது 1984-இல் எழுதப்பட்டது, உங்கள் வீட்டு ரவுட்டருக்கு அது விளங்காது. அதனால் பதில் சொல்ல ஒரு ராஸ்பெர்ரி பையை வைத்தேன். அது 192.168.1.20 என்று சொன்னதும், மெஷின் அந்த எண்ணைப் பதினாறடி முறைக்கு மாற்றி, சி0ஏ80114 என்ற பெயரில் ஒரு கோப்பைக் கேட்கும், பின்னால் சன்4எம் என்ற வாலோடு. நான் எழுத்துகளைச் சின்ன எழுத்தில் போட்டு வைத்திருந்தேன், அது பெரிய எழுத்தில் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் டிசிபிடம்ப் போட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது. எந்த ஆவணத்தையும் வாசிக்க முதல் கம்பியில் என்ன போகுது எண்டு பாக்கவேணும். வேலையிலும் எனக்கு இது உதவியிருக்கு.

நிறுவும்போது இன்னொரு தடை. இந்தப் பெட்டியில் தற்செயல் எண் தரும் வன்பொருள் கிடையாது. அது இல்லாமல் எஸ்எஸ்எச் சாவியை உருவாக்கினால் மற்றவன் ஊகித்துவிடலாம். அதனால் நெட்பிஎஸ்டி 10-இன் நிறுவி நம்மிடமே கேட்கிறது: 256 தரம் நாணயம் சுண்டுங்கள், அல்லது ஆறு பக்கக் கட்டையை 100 தரம் உருட்டுங்கள், வந்ததைத் தட்டுங்கள் என்று. வேறு மெஷினில் இருந்து ஒட்டவும் விடும். நான் தங்கச்சியின் லூடோ பெட்டியை எடுத்து 100 தரம் உருட்டினேன். அம்மா வந்து பாத்திட்டு ஒண்டும் சொல்லாமல் போனா.

அப்படி ஓடத் தொடங்கியது. படம் எடுத்தேன், போட்டேன், லைக் வந்தது. பிறகு இரண்டு வருசம் அந்தப் பெட்டியை நான் தொடவே இல்லை.

இப்ப சண்டை. பழைய கணினியில் யூனிக்ஸ் போடுகிற நம்மில் முக்கால்வாசிப்பேர் செய்வது இதுதான். கழுவி, பூட்டி, படம் எடுத்து, தட்டில் வைப்பது. அந்த மெஷினில் புது இயங்குதளம் ஓடுவதற்கு யாரோ காசில்லாமல் உழைத்திருக்கிறார்கள் என்பதை நாம் யோசிப்பதில்லை. இந்த 32-பிட் ஸ்பார்க்கை சன் நிறுவனமே 2005-இல் சொலாரிஸ் 10-உடன் கைவிட்டது. ஓபன்பிஎஸ்டி 2016-இல், 5.9 வெளியீட்டோடு நிறுத்தியது. லினக்ஸ் பக்கம் பாருங்க: லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸை எழுதியதே 386 சிப்புக்காக. அந்த 386-க்கான ஆதரவை 2012 டிசம்பரில் அவரே வெட்ட விட்டார். அவர்கள் செய்தது பிழை என்று நான் சொல்லமாட்டேன். யாரும் ஓட்டிப் பார்க்காத நிரலை வைத்திருந்தால், அது மற்ற இடங்களையும் சிக்கலாக்கும். ஒரு ஆளும் "எனக்கு வேணும், நான் சோதிக்கிறேன்" என்று வராவிட்டால் வெட்டத்தான் வேண்டும்.

நெட்பிஎஸ்டியில் இதை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். வன்பொருள்களை மூன்று அடுக்காகப் பிரித்திருக்கிறார்கள். ஸ்பார்க் இருப்பது இரண்டாவதில், "ஒர்கானிக்" என்று பெயர். ஆட்கள் கவனிக்கும் வரைக்கும் அது உயிரோடு இருக்கும் என்று அர்த்தம். அதற்கும் கீழே மூன்றாவது அடுக்கு, செயற்கைச் சுவாசம் மாதிரி. என் மெஷின் எந்த அடுக்கில் இருக்கும் என்பதை என் படத்துக்கு வந்த லைக்குகள் முடிவு செய்யாது.

"ராஸ்பெர்ரி பையே இதைவிட வேகம், கரண்டும் குறைவு, ஏன் மெனக்கெடுறாய்?" என்று நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. என் பதில் பாசம் சம்பந்தப்பட்டது இல்லை. பெட்டியைத் திரும்பப் போட்டபோது, நான் சியில் எழுதிய ஒரு சின்ன நிரலை அதில் ஓட்டினேன். ஒரு உணரியிலிருந்து வரும் தரவை வாசிப்பது, லேப்டாப்பில் ஒரு வருசமாகப் பிரச்சினை இல்லாமல் ஓடியது. ஸ்பார்க்கில் உடனே "பஸ் எரர்", செத்தது. தரவில் முதல் 2 பைட் வகை, அடுத்த 4 பைட் நீளம். நான் அந்த 4 பைட்டை நேராக ஒரு முழு எண்ணாகச் சுட்டி வாசித்திருந்தேன். ஸ்பார்க்கில் 4 பைட் எண் 4-ஆல் வகுபடும் முகவரியில் இருந்தால்தான் தொடும். இன்டெல் சிப் பேசாமல் பொறுத்துக்கொள்ளும். சி மொழியின் விதிப்படி என் நிரல் பிழை. கம்பைலர் மாறினால் நாளைக்கு லேப்டாப்பிலும் விழலாம். மெம்காப்பி ஒரு வரி போட்டேன், சரியானது. பைட் வரிசையும் இதில் தலைகீழ், அதில் அகப்பட்ட பிழை வேறு.

2038-ஐயும் சொல்ல வேண்டும். 32-பிட் நேரக் கணக்கு அந்த ஜனவரி 19-இல் நிரம்பி வழியும். நெட்பிஎஸ்டி 2012-இல், 6.0 வெளியீட்டிலேயே எல்லா மெஷின்களுக்கும் நேரத்தை 64-பிட் ஆக்கிவிட்டது. என் 1994 பெட்டி அந்த நாளைத் தாண்டும். உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் மலிவு ஸ்மார்ட் சாமான் தாண்டுமோ, விற்றவரைக் கேளுங்க.

அதனால் பழசில் ஏதாவது போடுகிறவர்களிடம் நான் கேட்பது: பூட் ஆகும்போது வரும் டிமெசேஜ் வெளியீட்டைத் திட்டத்துக்கு அனுப்புங்கள். பீட்டா வந்தால் போட்டுப் பாருங்கள். "எல்லாம் ஓடுது" என்று ஒரு வரி எழுதினாலும் அது தகவல்தான். மெஷின் மெதுவெண்டு சாட்டுச் சொல்ல ஏலாது. நெட்பிஎஸ்டியின் பில்ட் ஸ்கிரிப்ட், லேப்டாப்பிலேயே ஸ்பார்க்குக்கான முழு வெளியீட்டையும் கட்டித் தரும். நான் போன மாதம்தான் முதல்முறை அனுப்பினேன். இரண்டு வருசம் பிந்தி.

அப்பாவின் லேப்டாப்பைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: முதலில் அது 64-பிட்டா என்று பாருங்க. ஆம் என்றால் டெபியன் 13 போடலாம். 32-பிட் என்றால் டெபியன் 13-இல் அதற்கு நிறுவியே இல்லை, நெட்பிஎஸ்டியில் இன்னும் இருக்கு. அப்பாவின் படங்களை வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்க. எங்கே மாட்டுப்பட்டீங்கள் எண்டு எழுதுங்க, அடுத்த எபிசோடில் அதையே எடுக்கிறோம்.