சின்னக் கொடுவாவையும் விடுங்கள், பெரிய கொடுவாவையும் விடுங்கள்

செஞ்சிக் கோட்டையடியில் குடியிருப்பவனுக்குக் கடல் மீனைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். நான் வளர்ந்தது புதுச்சேரியில். அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்தில் என் தாய்மாமா தூண்டில் போடுவார். பள்ளி விட்டதும் இறால் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் ஓடுவேன். அந்தப் பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

மாமாவின் குறி எப்போதும் கொடுவாதான். பொழுது சாயும் நேரம், ஓதம் ஏறத் தொடங்கும்போது உயிர் இறாலைக் கோத்து வீசுவார். "மத்த மீன் கொத்திப் பாக்கும். இது அப்படியில்லடா, இறாலோட தண்ணியையும் சேத்து ஒரே உறிஞ்சுல இழுக்கும்" என்பார். மாட்டிய கொடுவா தண்ணீருக்கு மேலே எகிறித் தலையை உதறும். செவுள் மூடி கத்தி மாதிரி, பட்டால் நரம்பு அறுந்துவிடும். பத்து மாட்டினால் நான்கைந்துதான் கரைக்கு வரும். பிரெஞ்சு வகுப்பில் தென் பிரான்சுக்காரர்கள் ஒரு கடல் மீனை 'லூ', அதாவது ஓநாய் என்பார்கள் என்று படித்தபோது எனக்குக் கொடுவாதான் நினைவுக்கு வந்தது. அது வேறு இனம், ஆனால் வேட்டைக் குணம் ஒன்று.

வேலைக்குச் சேர்ந்த பிறகு நண்பர்களோடு மரக்காணம் பக்கம் போவேன். கழுவேலி ஏரித் தண்ணீர் கடலில் கலக்கும் முகத்துவாரம் கொடுவாவுக்குப் பேர்போன இடம். ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் மூன்றடிக்கு மேல் நீளமுள்ள ஒரு மீன் எனக்கு மாட்டியது. அரைமணி நேரப் போராட்டம். தராசில் ஒன்பது கிலோ. வீட்டுக்குக் கொண்டுவந்து அறுத்தால் வயிறு முழுக்கச் சினை. என் அம்மா பார்த்துவிட்டு, "புள்ளத்தாச்சிய இல்லடா புடிச்சிட்டு வந்திருக்க" என்றார். அன்று நான் சிரித்தேன். சினையை வறுத்துத் தின்றேன், மறைக்கவில்லை. அதன் முழுப் பொருள் ஓய்வு பெற்ற பிறகு மீன் பற்றிய புத்தகங்களைப் புரட்டியபோதுதான் உறைத்தது.

கொடுவா பெரும்பாலும் ஆணாகத்தான் வாழ்க்கையைத் தொடங்குகிறது. மூன்று நான்கு வயதில் ஆணாகப் பருவம் அடைந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறுகிறது. ஆகவே நமக்குக் கிடைக்கும் மிகப் பெரிய கொடுவா அநேகமாகப் பெண்தான். அப்படி ஒரு பெரிய மீன் ஒரு பருவத்தில் பல லட்சம் முட்டைகள் இடும். முகத்துவாரத்தின் உப்புத் தண்ணீரில் முட்டை பொரிந்து, குஞ்சுகள் கழுவேலி போன்ற உப்பங்கழிகளுக்குள் ஏறி வளர்கின்றன. சின்னதைப் பிடித்தால் நாளைய தாய் போகிறது. மிகப் பெரியதைப் பிடித்தால் இன்றைய தாயே போகிறது.

இதே மீனை ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி என்று கொண்டாடுகிறார்கள். அங்கே குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 58 செ.மீ.க்குக் குறைந்தாலும் 120 செ.மீ.க்கு மேல் போனாலும் தண்ணீரில் விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் உண்டு. ஆனால் அது விசைப்படகுகளுக்கு. முகத்துவாரத்தில் நின்று தூண்டில் போடும் நம்மை அது தொடாது. சட்டம் தொடாத இடத்தில் மனசாட்சிதான் தொடவேண்டும்.

உடனே ஒரு பதில் வரும்: "நான் விட்டா அடுத்தவன் புடிச்சிடுவான்." போன மாதம் ஒரு இளைஞர் என்னிடம் இதையேதான் சொன்னார். உண்மைதான், பிடிக்கலாம். ஆனால் கடலை நம்பிப் பிழைக்கும் மீனவரைப் பார்த்து நான் இதைப் பேசவில்லை. அவர் வீட்டு அடுப்பு அதில் எரிகிறது. செஞ்சியிலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை ராடும் ரீலும் எடுத்துக்கொண்டு போகிற நம்மைத்தான் சொல்கிறேன். நமக்கு அது சோறு இல்லை, சந்தோஷம். மீன் எகிறும்போதே அந்தச் சந்தோஷம் கிடைத்துவிடுகிறது. அதற்குப் பிறகு அதைக் கொல்வது பக்கத்து வீட்டுக்காரருக்குக் காட்டத்தான்.

எனக்கு நானே வைத்துக்கொண்ட கணக்கு சுலபமானது. இரண்டடிக்குக் குறைந்தால் விட்டுவிடுவேன். மூன்றடிக்கு மேல் போனாலும் விட்டுவிடுவேன். இடையில் உள்ளதில் ஒன்றே ஒன்று வீட்டுக்கு. விடுவதற்கும் ஒரு முறை உண்டு. கையை நனைத்துக்கொண்டு பிடிக்க வேண்டும், சுடுமணலில் போட்டுப் புரட்டக் கூடாது, வாயைப் பிடித்துத் தொங்கவிட்டுப் போட்டோ எடுக்கக் கூடாது. தண்ணீருக்குள் தாங்கிப் பிடித்தால் அது தானே தெம்பு வந்து நழுவிப் போகும்.

சாப்பிட ஆசை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் கொடுவாவைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்து காட்டியது. இன்று குளத்தில் வளர்த்த கொடுவா சந்தைக்கு வருகிறது. ருசியில் ஆற்று மீனுக்கு ஒரு படி கீழேதான் என்பேன். ஆனாலும் புளியைக் கரைத்து, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்து, மறுநாள் காலை பழைய சோற்றோடு சாப்பிட்டுப் பாருங்கள். குறை சொல்லத் தோன்றாது.

கழுவேலியை 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். நாரைக்கும் வாத்துக்கும் காவல் கிடைத்துவிட்டது. அதே தண்ணீரில் வளரும் மீனுக்குத் தூண்டில்காரர்கள் நாமாவது காவல் இருக்கலாம்.

சென்ற தை மாதம் என் பேரனை அழைத்துப் போனேன். ஒரு பெரிய கொடுவா மாட்டியது. விடச் சொன்னபோது அவன் முகம் வாடிவிட்டது. "ஏன் தாத்தா?" என்றான். என் அம்மா சொன்னதையே அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் மீனையே பார்த்தான். பிறகு அவனே தண்ணீரில் இறங்கி விட்டுவிட்டு வந்தான்.