ஐப்பசியில் செய்யவேண்டிய மார்கழி வேலை

சென்ற மார்கழியில் ஒரு நாட் காலை. கல்லூரி விடுமுறையாதலால் நான் திண்ணையிலிருந்து பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தேன். படலையடியில் ஓர் அம்மையார் குடையும் கையுமாக வந்து நின்றார். பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பௌதிகம் கற்ற மாணவன் ஒருவனின் தாயார் அவர். மகன் இப்பொழுது கனடாவிலே, ரொறன்ரோ நகரில், சரக்கு லொறிச் சாரதியாக இருக்கிறான்.

“மாஸ்ரர், ஒரு சந்தேகம் கேட்க வந்தனான். எண்ணெய் உறைஞ்சு லொறி நடுக்காட்டிலை நிண்டு போச்சாம் எண்டு பெடியன் சொல்லுறான். தண்ணி உறையும், எண்ணெயும் உறையுமோ? ஏதேன் விபத்தை மறைச்சு என்னைத் தேற்றுறானோ?”

நான் வாயால் விடை கூறவில்லை. உள்ளேயிருந்து, தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவரச் சொன்னேன். அன்று காலைக் குளிரில் அது வெண்மெழுகாக இறுகிக் கிடந்தது. போத்தலைக் கவிழ்த்துக் காட்டினேன். ஒரு துளியும் விழவில்லை. அம்மையார் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், “அப்ப அவன் சொன்னது மெய்தான்” என்று கூறிப் பெருமூச்சு விட்டார்.

தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியசில் இறுகத் தொடங்கும் பொருள். யாழ்ப்பாணத்து மார்கழி விடியல் அந்த எல்லைக்குச் சிறிது கீழே இறங்குகிறது, அவ்வளவே. அம்மையாரின் மகன் சென்ற வழியிலோ அன்றிரவு பூச்சியத்துக்குக் கீழே 30 பாகையாம். டீசலுக்குள் மெழுகினத்தைச் சேர்ந்த பொருள் ஒன்று கரைந்திருக்கிறது. வெப்ப காலத்தில் அது கண்ணுக்குப் புலப்படுவதில்லை. குளிர் ஏற ஏற அம்மெழுகு சிறு சிறு பளிங்குகளாகப் பிரிந்து எண்ணெயைக் கலங்கச் செய்கிறது. பின்னர் வடிகட்டியின் நுண்டுளைகளிற் போய் அடைத்துக்கொள்கிறது. தாங்கி நிறைய எண்ணெய் இருந்தும் எஞ்சின் பட்டினியால் நின்றுவிடுகிறது.

இதையறிந்தே அந்நாட்டு எண்ணெய்க் கம்பனிகள் மாரிக்கென மெழுகு குறைந்த டீசலை வேறாக விற்கின்றன. மண்ணெண்ணெய் கலந்து மெழுகை ஐதாக்கும் வழக்கமும் உண்டு. உறைவைத் தடுக்கும் மருந்துகளும் போத்தலிற் கிடைக்கின்றன. ஆயினும் மெழுகு பிரிவதற்கு முன்பே அம்மருந்தை ஊற்றிவிட வேண்டும். எண்ணெய் கலங்கிய பின் அதனை ஊற்றுவது, சோறு குழைந்த பின் நீரை அளந்து பார்ப்பது போலாகும்.

அப்படியாயின் அந்த மாணவனுக்கு நேர்ந்தது என்ன? அவன் பின்னர் எனக்கு விரிவாக எழுதினான். அவன் வழக்கமாக ஓட்டும் லொறி அன்று பழுதுபார்க்கும் கொட்டகையில் இருந்தது. புரட்டாசி முதல் முற்றத்திற் சும்மா நின்ற வேறொரு லொறியை எடுத்துச் செல்லும்படி மேலாளர் பணித்தார். அதன் தாங்கி நிறைந்திருந்தது. ஆனால் நிறைந்திருந்தது வெப்ப காலத்து எண்ணெய். அதை யாரும் வடிக்கவில்லை, மருந்தும் இடவில்லை. ஒன்ராறியோ மாகாணத்துச் சட்டப்படி லொறி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பரிசோதிக்கப்பட வேண்டும். பாரிய குறை காணப்படின் அதனை ஓட்டுதல் ஆகாது. இவன் விளக்கு, பிறேக், டயர் யாவற்றையும் பார்த்துக் கையொப்பமிட்டான். தாங்கியில் இருப்பது எந்த மாதத்து எண்ணெய் என்று கேட்கவில்லை. “மேலாளர் மீது பழி சொல்ல எனக்கு வாயில்லை, சேர். கையொப்பம் என்னுடையது” என்று எழுதியிருந்தான்.

அவன் சென்றது சுப்பீரியர் ஏரியின் வடகரையை அணைந்து செல்லும் 17ஆம் இலக்க நெடுஞ்சாலை. சூ செயின்ற் மேரி நகரிலிருந்து தண்டர் பே நகர் வரை அவ்வழி ஏறக்குறைய 700 கிலோமீற்றர். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை நம் தீவின் முழு நீளமே 435 கிலோமீற்றர் அளவுதான் என்பதை நேயர்கள் நினைத்துக்கொள்ளவும். இடையிடையே சில சிற்றூர்கள்; மற்றெல்லாம் காடும் பாறையும். கைத்தொலைபேசிக்குத் தொடர்பு கிட்டாத பகுதிகளும் உண்டு. எஞ்சின் நின்றவுடன் சாரதியின் அறைக்கு வரும் வெப்பமும் நின்றது. உடன் வைத்திருந்த கம்பளிகள் இரண்டையும் போர்த்துக்கொண்டு, கண்ணாடியைச் சிறிது திறந்துவிட்டு, தகரப்பேணியில் ஒரு மெழுகுதிரியை ஏற்றி வைத்துக்கொண்டு நான்கு மணி நேரம் இருந்தானாம். எதிர்த் திசையில் வந்த வேறொரு கம்பனி லொறிக்காரர் நிறுத்தி, அவனைத் தம் வண்டியில் ஏற்றிக்கொண்டார். மெழுகு நிறுத்திய வண்டியில் மெழுகுதிரியே தன்னைக் காத்தது என்று அவன் வேடிக்கையாக எழுதியிருந்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்பொழுது மீண்டும் ஐப்பசி. இங்கே நாம் கூரை ஓட்டைப் பார்த்து, வாய்க்காலை வெட்டி, விறகை உள்ளே அடுக்குகின்ற இதே வாரங்களில், அங்கே லொறிக் கம்பனிகள் ஒவ்வொரு வண்டியாகக் கொட்டகைக்குள் ஏற்றி மாரிக்கு ஆயத்தம் செய்கின்றன. ஐம்பது லொறி வைத்திருப்பவர் முதற் பனி விழுந்த பின் தொடங்கினால் ஐம்பதாவது லொறிக்கு முறை வரும்போது மாரி பாதி கழிந்துவிடும்.

நாம் பனியென்றால் சாலை மீது விழும் வெண்பனியையே எண்ணுகிறோம். அதனினும் பொல்லாதது வண்டிக்குள்ளேயே ஒளிந்திருக்கும் நீர். பார லொறிகளின் பிறேக் அமுக்கிய காற்றினால் இயங்குவது. காற்றை அமுக்கும்போது அது சூடாகிறது. தாங்கியிற் சென்று ஆறும்போது அதிலுள்ள ஈரம் நீராகப் படிகிறது. நம் நாட்டில் அந்நீர் துருவை உண்டாக்கும். அங்கோ அது குழாய்களிலும் அடைப்பிதழ்களிலும் பனிக்கட்டியாகி, மிதித்த பிறேக் பிடிக்காமலும், பிடித்த பிறேக் விடாமலும் செய்துவிடும். நாற்பது தொன் பாரம் இறக்கத்தில் வரும்போது இது எத்தகைய ஆபத்து என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே காற்றை உலர்த்தும் கருவியில் உள்ள ஈரமுறிஞ்சும் மணிகளை மாரிக்கு முன் புதிதாக மாற்றுகிறார்கள். தாங்கிகளின் அடியில் உள்ள திருகைத் திறந்து நாள்தோறும் நீரை வடிக்கிறார்கள். ஒரு நிமிட வேலைதான். குளிரில் குனிந்து செய்யவேண்டியதாகையால் பலர் தட்டிக் கழிக்கும் வேலையும் அதுவே.

ரேடியேற்றரில் ஊற்றும் கிளைக்கோல் என்னும் திரவத்தில் மாணவர்களுக்கு ஒரு புதிர் உண்டு. நீர் பூச்சியத்தில் உறையும். தனிக் கிளைக்கோல் பூச்சியத்துக்குக் கீழே 13 பாகை அளவில் உறையும். இரண்டையும் சம பங்காகக் கலந்தால் அக்கலவை 37 பாகை கீழே செல்லும்வரை உறையாது. மருந்து கூடினால் நன்மை கூடும் என்றெண்ணித் தனிக் கிளைக்கோலையே ஊற்றுபவன் தன் எஞ்சினுக்குத் தானே கேடு தேடுகிறான்.

பற்றரியும் அவ்வாறே கவனிக்கற்பாலது. கடுங்குளிரில் அதன் வலிமை பாதியளவாகக் குறைகிறது. குளிரில் தடித்துப்போன எண்ணெயைக் கலக்கி எஞ்சினைச் சுழற்றவோ வழமையிலும் கூடிய வலிமை தேவை. மின் நிறைந்த பற்றரியின் அமிலம் எளிதில் உறையாது. மின் இறங்கிய பற்றரியோ பூச்சியத்துக்குச் சில பாகைகள் கீழேயே உறைந்து வெடிக்கக்கூடும்.

டயரைப் பற்றி ஒரு கணக்கு. கொட்டகைக்குள் 20 பாகையில் சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல் அமுக்கம் வரை காற்றடித்த டயர், வெளியே பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகையில் என்ன அமுக்கம் காட்டும்? வளிமண்டல அமுக்கத்தையும் சேர்த்து, தனி வெப்பநிலையைக் கொண்டு கணித்துப் பாருங்கள். ஏறக்குறைய 84 வரும். யாரும் காற்றைத் திறந்துவிடவில்லை. குளிரே அதைச் சுருக்கிவிட்டது. மலைப்பாதைகள் மிகுந்த பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலோ டயர் மட்டும் போதாது. ஒக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் 11,794 கிலோகிராமும் அதற்கு மேற்பட்டதுமான வண்டிகள் சக்கரத்திற் பூட்டும் சங்கிலி போன்ற சாதனங்களை உடன் கொண்டு செல்ல வேண்டும். சங்கிலி பூட்டுவதை உலர்ந்த முற்றத்தில் இரண்டு முறை பழகியிராத சாரதி, இருட்டில் கை விறைக்க அதை அவிழ்த்துக்கொண்டு நிற்பது பரிதாபமான காட்சியாம்.

சாலையில் உப்புத் தூவுகிறார்களே, அது போதாதோ என்று சிலர் கேட்கலாம். உப்பின் ஆற்றல் பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகையளவிலேயே தளர்ந்துவிடும். 21 பாகைக்குக் கீழே அது மணலுக்குச் சமானம். அங்கெல்லாம் மணலையே தூவுகிறார்கள்.

1941ஆம் ஆண்டு மாரியில் மொஸ்கோ நகரை நெருங்கிய செர்மானியப் படையினர் இக்காரியங்கள் பலவற்றைச் செய்திருக்கவில்லை. போர் குளிருக்கு முன் முடிந்துவிடும் என்று அவர்களின் தலைமை நம்பியிருந்தது. ஈற்றில் எஞ்சின்களின் கீழே நெருப்பு மூட்டி அவற்றை இளக்கவேண்டியதாயிற்று. இன்று எஞ்சினின் உடலிலேயே மின்சூடேற்றி ஒன்றைப் பொருத்தி, அதன் வயரை வண்டியின் முன்புறத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். இரவில் அதைச் சுவரிலுள்ள மின்வாயிற் செருகிவிட்டால் விடியலில் எஞ்சின் முரண்டு பண்ணாது.

சென்ற கிழமை சந்தையடியில் அந்த அம்மையாரைக் கண்டேன். மகன் இம்முறை முற்றத்தில் நின்ற வண்டிகளின் தாங்கிகளையெல்லாம் வடிக்குமாறு வற்புறுத்தினானாம்; மேலாளர் முதலில் முகஞ்சுளித்துப் பின் இசைந்தாராம். “நான் முந்தி ரெலிபோனிலை சாப்பிட்டியோ எண்டுதான் கேட்பன், மாஸ்ரர். இப்ப வயர் செருகினியோ எண்டு கேட்ட பிறகுதான் சாப்பாடு” என்றார்.