ஒரு கதவுக்கு நாலு பூட்டு எதற்கு?

திண்டுக்கல் பூட்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். கையால் ராவி, லீவர் லீவராகப் பொருத்திச் செய்கிற பூட்டு. சாவி திரும்பும்போது எல்லா லீவரும் அதனதன் உயரத்துக்கு வந்தால்தான் திறக்கும். ஒரு லீவர் சண்டித்தனம் பண்ணினாலும் போச்சு. ஆனால் அப்படி நடப்பதில்லை. எல்லாம் ஒரே பட்டறையில் ஒரே சாவிக்காக ராவியவை ஆச்சே!

இதே ஊர்க் கடைகளுக்கு வேர்ட்பிரஸ்ஸில் இணையதளம் போட்டுத் தருகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை விற்கும் ஒரு கடையை வைத்துக்கொள்வோம். கடை லோகோவோடு அழகான லாகின் பக்கம் வேண்டும் என்கிறார் முதலாளி. அதற்கு ஒரு பிளக்-இன். திருடன் வரக்கூடாது என்று லாகின் முகவரியை ஒளித்து வைக்க இன்னொன்று. ரோபோவைத் தடுக்கக் கேப்ச்சா. தளம் வேகமாகத் திறக்கக் கேஷ் பிளக்-இன். நாலும் இலவசம், நாலும் வேறு வேறு பட்டறை. ஒரு நாள் காலையில் முதலாளியால் உள்ளே போக முடியவில்லை. போன் போட்டால் வரும் பதில், "எல்லா பிளக்-இன்னையும் ஆஃப் பண்ணுங்க, சரியாயிடும்."

இந்தப் பதில்தான் இங்கே குற்றவாளி.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வேர்ட்பிரஸ்ஸில் ஒருவர் நுழையும்போது 'ஆதென்டிகேட்' என்கிற கொக்கியில் மாட்டியிருக்கும் எல்லா நிரலும் வரிசை எண்படி ஓடும். எண் சொல்லாமல் மாட்டினால் 10. வேர்ட்பிரஸ்ஸே கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது 20ல். 10ல் நிற்கும் பிளக்-இன் "இவரை விடாதே" என்று பிழை கொடுத்தாலும், 20ல் கடவுச்சொல் சரியாக இருந்தால் அந்தப் பிழை காணாமல் போய்விடும். அதாவது வாசலில் ஒரு காவலர் தடுக்கிறார், அடுத்தவர் அதைக் கண்டுகொள்ளாமல் உள்ளே அனுப்புகிறார். பிளக்-இன் எழுதியவருக்கு இது தெரியாவிட்டால் பூட்டு இருக்கும், பூட்டியிருக்காது.

இதற்கு நேர்மாறும் உண்டு. கேப்ச்சா பெட்டி பெரும்பாலும் வேர்ட்பிரஸ்ஸின் சொந்த லாகின் பக்கத்தில்தான் தன்னை வரைந்துகொள்ளும். தனியாகச் செய்த லாகின் பக்கத்தில் அந்தக் கொக்கியே இல்லை என்றால் பெட்டி தெரியாது. ஆனால் சரிபார்ப்பு மட்டும் நடக்கும். கேட்காத கேள்விக்குப் பதில் தப்பு என்று திருப்பி அனுப்பினால் மனுஷன் என்ன செய்வான்?

கேஷ் கதையும் இதே மாதிரிதான். சொந்த லாகின் பக்கத்தைக் கேஷ் பிளக்-இன்கள் பொதுவாகத் தொடாது. தனியாகச் செய்த பக்கம் அவற்றுக்கு மற்ற பக்கங்களைப் போல இன்னொரு பக்கம், அவ்வளவுதான். பழைய பிரதியை எடுத்து நீட்டும். அதற்குள் இருக்கும் ரகசியச் சீட்டு அதிகபட்சம் 24 மணி நேரம்தான் செல்லும். காலாவதியான சீட்டோடு போனால் கதவு திறக்காது. ஒளித்து வைக்கும் பிளக்-இன் ஒரு பக்கம் விரட்ட, அழகு பிளக்-இன் மறுபடி அங்கேயே அனுப்ப, உலாவி சுற்றிச் சுற்றிக் களைத்துப் போவதும் உண்டு.

இதில் எது காரணம் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போவதற்கு வணிகவியலில் நல்ல பெயர் இருக்கிறது. இருப்பாய்வு சரிக்கட்டாவிட்டால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போடுவார்கள். ஆனால் அது தற்காலிகம், பிழையைக் கண்டுபிடித்து அதை மூடியாக வேண்டும். அனாமத்திலேயே கடையை நடத்துகிறவரைக் கணக்கர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அணைத்த நாலில் பாதுகாப்பு பிளக்-இன்னும் ஒன்று. அதை மறுபடி போட யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. சேலை வாங்கியவர்களின் முகவரியும் போன் நம்பரும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கின்றன!

"அப்படியானால் இன்னொரு பாதுகாப்பு பிளக்-இன் போட்டால் போச்சு" என்பவர்களுக்கு 2024 நவம்பரை நினைவூட்ட வேண்டும். ரியலி சிம்பிள் செக்யூரிட்டி, 40 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்த பிளக்-இன். அதன் இரட்டைச் சரிபார்ப்பு வசதியை இயக்கி வைத்த தளங்களில், கடவுச்சொல்லே இல்லாமல் யாரும் நிர்வாகியாக நுழையலாம் என்கிற ஓட்டை வெளியே வந்தது. கட்டாய அப்டேட் அனுப்பித்தான் அடைத்தார்கள். கூடுதல் பூட்டே திறந்த கதவானது. ஒவ்வொரு பிளக்-இன்னும் இன்னொருவர் கையில் கொடுக்கும் சாவி.

சின்னக் கடைக்காரரால் நிரலருக்குப் பணம் கட்ட முடியாது, இலவச பிளக்-இன்தான் கதி என்ற வாதம் நியாயமானது. பிளக்-இன்னே கூடாது என்று இங்கே யாரும் சொல்லவில்லை. ஒரு வேலைக்கு ஒன்று போதும், அதைச் சோதித்துவிட்டுக் கொடுங்கள் என்பதுதான் கேள்வி. சோதிக்கக் காசு ஆகாது. தளத்தின் பிரதி ஒன்றில் 16 பிளக்-இன் இருந்தால் பாதியை அணைத்துப் பாருங்கள். பிறகு அதில் பாதி. ஒன்றுதான் குற்றவாளி என்றால் 4 முறையில் அகப்படும். இரண்டு பேர் சேர்ந்து செய்த குற்றம் என்றால் பிரித்ததுமே இரண்டு பாதியும் நல்லபிள்ளையாக நடிக்கும். அதனால் லாகினைத் தொடும் பிளக்-இன்களை முதலில் ஜோடி ஜோடியாகச் சோதியுங்கள். உள்ளேயே நுழைய முடியாவிட்டால் ஹோஸ்டிங் கணக்கில் போய் அந்த ஒரு பிளக்-இன்னின் கோப்புறைப் பெயரை மாற்றினால் அது மட்டும் தூங்கிவிடும். கண்டுபிடித்ததும் எழுதி வையுங்கள்.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். 2019ல் வந்த வேர்ட்பிரஸ் 5.2லிருந்து, பிளக்-இன் தளத்தையே முடக்கிவிட்டால் உள்ளே நுழைய ஒரு மீட்பு இணைப்பு மின்னஞ்சலில் வரும். யாருடைய மின்னஞ்சலுக்கு? நிர்வாகி என்று பதிந்த முகவரிக்கு. அது தளம் போட்டுக் கொடுத்துவிட்டு சென்னைக்கோ கோவைக்கோ போய்விட்டவருடைய முகவரியாக இருந்தால்? ஹோஸ்டிங் கடவுச்சொல்லும் அவரிடமே இருந்தால்?

பூட்டு விற்கிறவர் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு போனால் இந்த ஊரில் விடுவார்களா? தளம் போட்டவரிடம் மட்டும் ஏன் யாரும் சாவியைக் கேட்பதில்லை?